இருபத்தாறு கிலோ

“இருபத்தாறு கிலோ ஒரு ஆளைக் கொல்லுமா, டீச்சர்?”

ஆவுடையப்பன் வாசலில் நின்றுகொண்டே கேட்டார். செருப்பைக் கழற்றவில்லை. உள்ளே வரச் சொன்னால் கழற்றலாம், போகச் சொன்னால் அப்படியே போய்விடலாம் என்று நின்றார்.

ஜெபக்கனி டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வயது. ஆவுடையப்பனுக்கு அதைப்போல இரண்டு பங்குக்கு ஒன்று குறைவு.

“எதுல இருபத்தாறு கிலோ?”

“சோடா ஆஷ். சோப்புக்குப் போடுற வெள்ளை மாவு.”

“மூட்டை தலையில விழுந்துச்சா?”

“விழலை. போடாம விட்டது.”

டீச்சர் துடைப்பதை நிறுத்தினார்.

“போடாம விட்டது கொல்லுமான்னு கேக்கறீங்க.”

“ஆமா.”

“செருப்பைக் கழட்டிட்டு வாங்க.”

*

அது உப்பளத்துக்குப் போகும் சாலையில் தகரக் கூரை போட்ட கொட்டகை. பதினொன்றாம் வகுப்பில் வேதியியலில் தோற்றவர்கள் மட்டும்தான் அங்கே படிக்கலாம். பாஸ் ஆனவர்கள் வந்தால் டீச்சர் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆவுடையப்பன் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். முன்னால் இருந்த பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

“பாட்டையா, இது பென்ஷன் ஆபீஸ் இல்லை.”

“தெரியும் தாயி. பென்ஷன் குடுத்திருந்தா நான் ஏன் இங்கன வாறேன்?”

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

எட்டரை மணிக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். கொட்டகையில் இரண்டு பேர்தான் மிச்சம்.

“சொல்லுங்க,” என்றார் டீச்சர்.

ஆவுடையப்பன் சொன்னார்.

*

பேட்டரிக்கு ஆசிட் கலந்து கேனில் அடைக்கிற கம்பெனி. ஆவுடையப்பனும் அவர் தம்பி மாசானமும் அதில் இருபது வருடம் வேலை பார்த்தார்கள். கேன் கழுவிய தண்ணீர், தரையில் சிந்தியது, எல்லாம் ஒரு சிமெண்டுத் தொட்டியில் போய்ச் சேரும். மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், ஆள் உயரத்துக்கும் மேலே சுவர். அடியில் ஒரு சாண் அளவுக்குத் தண்ணீர் சேர்ந்ததும் அதிலுள்ள ஆசிட்டைக் கொல்ல வேண்டும். அந்த வேலைக்கு அங்கே அதுதான் பெயர். கொல்வது.

மானேஜர் ராஜநாயகம் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துச் சீட்டு எழுதுவார். ஆசிட் தொண்ணூற்றெட்டு கிலோ இருக்கிறது, காஸ்டிக் சோடா எண்பது கிலோ போடு. ஆவுடையப்பன் போடுவார். பிறகு மாசானம் ஏணி வைத்து உள்ளே இறங்கி, அடியில் படிந்த மண்டியைக் கிளறி, அடைப்பானைப் பிடுங்குவான். தண்ணீர் சாக்கடைக்குப் போகும்.

“அன்னைக்கும் அதே சீட்டுதான், டீச்சர். ஆனா காஸ்டிக் தீர்ந்துபோச்சு. சோடா ஆஷ் மூட்டைதான் இருந்துச்சு. மானேஜருக்குப் போன் போட்டேன். அதைப் போடுன்னாரு. எவ்வளவு சார்னு கேட்டேன். அதே எடைன்னாரு.”

“எண்பது போட்டீங்க.”

“எண்பது போட்டேன். தம்பி இறங்கினான். ஏறலை.”

விசாரணை நடந்தது. ராஜநாயகம் வெள்ளைச் சட்டையில் வந்தார். ‘நூற்றாறு கிலோ போடச் சொன்னேன். இவன் எண்பதைப் போட்டான்’ என்றார். அதிகாரி எழுதினார்: சோடா ஆஷ் இருபத்தாறு கிலோ குறைவு. ஆசிட் மிச்சம். அதனால் மரணம். கீழே மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று பேரும் பட்டம் வாங்கியவர்கள்.

படித்தவன் பொய் சொன்னாலும் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வான். படிக்காதவன் உண்மையைச் சொன்னாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் சொல்ல வேண்டும். ஆவுடையப்பன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். அவர் சொன்னதை யாரும் எழுதவில்லை.

வேலை போயிற்று. பத்தொன்பது வருடம் ஆயிற்று. வெள்ளிக்கிழமை தோறும் ராஜநாயகம் வீட்டு வழியாகப் போய், கேட்டுக்கு முன்னால் காறித் துப்பிவிட்டு வருவார். ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. ஒருமுறை காய்ச்சல், நடக்க முடியவில்லை. ஆட்டோ பிடித்துப் போய்த் துப்பிவிட்டு அதே ஆட்டோவில் திரும்பினார்.

“இப்ப எதுக்கு வந்தீங்க?” என்று கேட்டார் டீச்சர்.

“தம்பி மகளுக்குக் கல்யாணம். ஆவணி கடைசியில. அப்பா இடத்துல நான் நிக்கணும்.”

“நில்லுங்க.”

“தம்பி பெண்டாட்டி உலகம்மை பத்தொன்பது வருஷமா என்கூடப் பேசலை. இப்ப ஆள்விட்டுச் சொல்லியிருக்கா. பெரியப்பா வரட்டும், ஆனா என்ன நடந்துச்சுன்னு சொல்லிட்டு வந்து நிக்கட்டும்னு.”

“சொல்ல வேண்டியதுதானே.”

“தெரிஞ்சாத்தானே சொல்லுறதுக்கு!”

அவர் குரல் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது.

“மானேஜர் போன்ல எண்பதுன்னு சொன்னாரா, நூற்றாறுன்னு சொன்னாரா, அதை எந்தக் கணக்கும் காட்டாது ஐயா.”

“அது வேண்டாம். அது எனக்குத் தெரியும். அந்த இருபத்தாறு கிலோவையும் போட்டிருந்தா மாசானம் ஏறி வந்திருப்பானா? அதை மட்டும் பாத்து, ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாங்க.”

“தரமாட்டேன்.”

“ஏன்?”

“படிச்சவங்க மூணு பேரு ஏற்கெனவே போட்டாச்சு. நாலாவது எதுக்கு?”

ஆவுடையப்பன் செருப்பைத் தேடி எழுந்தார்.

“நாளைக்கு வரும்போது ஒரு கிலோ போல்ட்டும் ஒரு கிலோ நட்டும் வாங்கிட்டு வாங்க,” என்றார் டீச்சர்.

*

இரும்புக் கடையில் போல்ட்டும் நட்டும் நிறுத்துத்தான் கொடுப்பார்கள். ஆவுடையப்பன் தராசு முள்ளைக் குனிந்து பார்த்து வாங்கினார். அவருக்கு எடை என்றாலே சந்தேகம்.

“ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு நட்டைப் பூட்டுங்க,” என்றார் டீச்சர்.

“எல்லாத்துக்குமா?”

“எல்லாத்துக்கும்.”

கொட்டகை மூலையில் உட்கார்ந்து பூட்டினார். பிள்ளைகள் படிக்க அவர் பூட்டினார். விரலெல்லாம் எண்ணெய்க் கறை. பதினொரு மணிக்குப் போல்ட் தீர்ந்துபோயிற்று. நட்டு ஒரு குவியல் மிச்சம் கிடந்தது.

“கடைக்காரன் ஏமாத்திட்டான், டீச்சர்.”

“எடை குறைஞ்சுதா?”

“இல்லை. நானே முள்ளைப் பாத்தேன். கிலோவுக்குக் கிலோ.”

“பிறகு ஏன் மிஞ்சுது?”

ஆவுடையப்பன் ஒரு நட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மறு கையில் போல்ட்டை வைத்துப் பார்த்தார்.

“நட்டு கனம் கம்மி. கிலோவுக்கு நிறைய நிக்கும்.”

“ம்.”

“எடைக்கு எடை போட்டா பொருந்தாது. ஒண்ணுக்கு ஒண்ணு போடணும்.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அதே எடை. போனில் கேட்ட குரல். கையில் இருந்த நட்டு கீழே விழுந்து உருண்டு பெஞ்சுக்கு அடியில் போயிற்று.

“ஆசிட்டும் இப்படித்தானா?”

“ஆசிட் போல்ட். காஸ்டிக் நட்டு. ஆனா அந்த போல்ட்டுக்கு ரெண்டு நட்டு வேணும். சோடா ஆஷ் ரெண்டு நட்டு ஒட்டின மாதிரி. அதுல ஒண்ணு போதும்.”

அவர் தலையாட்டினார். பிறகு பூட்டிய குவியலைப் பார்த்தார்.

“இதை என்ன செய்ய?”

“எல்லாத்தையும் கழட்டுங்க. கடையில திருப்பிக் குடுக்கலாம்.”

*

“நட்டைக் கையால எண்ணலாம். ஆசிட்டை எப்படி எண்ணுறது?” என்று மறுநாள் கேட்டார்.

“எண்ண முடியாது. கண்ணுக்கே தெரியாது.”

“அப்போ?”

“ஒவ்வொண்ணும் எவ்வளவு கனம்னு தெரிஞ்சா, தராசே எண்ணிக் குடுத்திடும். தொண்ணூற்றெட்டு கிராம் ஆசிட். நாற்பது கிராம் காஸ்டிக். நூற்றாறு கிராம் சோடா ஆஷ். மூணு குவியலும் வேற வேற எடை. ஆனா மூணுலயும் எண்ணிக்கை ஒண்ணு. அந்த எண்ணிக்கைக்குப் பேரு மோல்.”

“எவ்வளவு அது?”

“ஆறு போட்டு, பக்கத்துல இருபத்துமூணு சைபர் போடுங்க.”

ஆவுடையப்பன் நோட்டில் போட்டார். ஒரு வரி பிடித்தது. அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

“யாரு எண்ணினா?”

“யாரும் ஒவ்வொண்ணா உக்காந்து எண்ணலை.”

“எண்ணாதவன் பேச்சை நம்பித்தான் என் தம்பி செத்தான், டீச்சர்.”

“நீங்க நம்ப வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்க. பொய்யா இருந்தா எங்கயாவது இடிக்கும்.”

இடிக்கட்டும் என்றுதான் அவர் போட்டார். நாலாம் வகுப்போடு நின்றவர். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் ஞாபகம் இருந்தது. ஆடி முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பெருக்கினார், வகுத்தார். தினமும் காலையில் பிள்ளைகள் கேட்பார்கள்.

“பாட்டையா, வீட்டுப்பாடம் ஆச்சா?”

“ஆச்சு. உனக்கு?”

“நான் உங்களைப் பாத்துத்தான் போடணும்.”

அவர் நோட்டைக் கொடுப்பார். தப்பு அதிகம் இருக்காது. பத்தொன்பது வருடமாக ஒரே ஒரு கணக்கை வைத்துக்கொண்டு தூங்காதவருக்கு மற்ற கணக்கெல்லாம் சுலபமாக வந்தது.

*

ஒருநாள் டீச்சர் சொன்னார்.

“உங்க தொட்டியைப் போடுங்க.”

அவர் புதுப் பக்கம் திருப்பினார். போட்டார்.

ஆசிட் தொண்ணூற்றெட்டு கிலோ. ஆயிரம் மோல். அதைக் கொல்ல சோடா ஆஷும் ஆயிரம் மோல் வேண்டும். போட்டது எண்பது கிலோ. எண்பதாயிரம் கிராமை நூற்றாறால் வகுத்தார். எழுநூற்று ஐம்பத்தைந்து. ஆயிரத்தில் எழுநூற்று ஐம்பத்தைந்து போக, குறைவது இருநூற்று நாற்பத்தைந்து. அதை நூற்றாறால் பெருக்கினார்.

இருபத்தாறு கிலோ.

எங்கேயும் இடிக்கவில்லை.

அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி எழுதிய அதே எண். பொய் என்று பத்தொன்பது வருடம் துப்பிய எண், இப்போது அவர் கையெழுத்திலேயே அவர் நோட்டில் உட்கார்ந்திருந்தது.

“அப்ப அவங்க எழுதினது சரி.”

“எண் சரி,” என்றார் டீச்சர்.

ஆவுடையப்பன் நோட்டை மூடிவிட்டு எழுந்து போனார். மூன்று நாள் வரவில்லை.

அந்த மூன்று நாளும் வீட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார். சோறு இறங்கவில்லை. போனில் கேட்ட குரலைத் திரும்பத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். அதே எடை. அதே எடைதான் சொன்னாரா? நூற்றாறு என்று சொல்லி, லைன் இரைச்சலில் தனக்குத்தான் கேட்காமல் போயிற்றா? முதல் நாள் அந்தக் குரல் தெளிவாக இருந்தது. இரண்டாம் நாள் ராஜநாயகத்தின் குரல் மாதிரி இல்லை. மூன்றாம் நாள் அது அவருடைய சொந்தக் குரலாகவே கேட்டது.

நாலாம் நாள் கொட்டகைக்கு வந்தார். வேறு போக இடமில்லை.

*

“உங்க தம்பி உடம்புல புண் இருந்துச்சா?” என்று கேட்டார் டீச்சர்.

ஆவுடையப்பன் வந்து உட்கார்ந்து இன்னும் நோட்டைக்கூடத் திறக்கவில்லை.

“இல்லை.”

“காலு வெந்திருந்துச்சா?”

“பூட்ஸ் போட்டிருந்தான்.”

“கை? முகம்?”

“ஒரு கொப்புளம் இல்லை. தூங்குற மாதிரி கிடந்தான். நான் பாதி ஏணி இறங்கினேன். தலை சுத்திச்சு. மேல நின்னவங்க என்னை இழுத்துப் போட்டுட்டாங்க. அவனைக் கயிறு போட்டுத்தான் தூக்கினோம்.”

“ஆசிட் கொன்னதுன்னா ஆசிட் பட்ட அடையாளம் இருக்கணும்ல?”

ஆவுடையப்பன் அவரை நிமிர்ந்து பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை.

“கணக்கை நீங்க முடிக்கலை ஐயா. உள்ளே போட்டதை எழுதினீங்க. வெளியே வந்ததை எழுதலை.”

“என்ன வந்துச்சு? ஒண்ணும் வரலையே. நுரைதான் பொங்கிச்சு.”

“நுரைக்குள்ள என்ன இருக்கும்?”

“என்ன இருக்கும்? காத்து.”

“எவ்வளவு காத்து?”

அவர் சிரித்தேவிட்டார். அந்தக் கொட்டகைக்கு வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

“காத்தை எவன் டீச்சர் நிறுத்துப் பாப்பான்?”

“அந்த மூணு பேரும் அதைத்தான் நினைச்சாங்க.”

சிரிப்பு நின்றது.

டீச்சர் சாக்பீஸை அவர் கையில் கொடுத்தார்.

“சோடா ஆஷ் ஒரு மோல் ஆசிட்ல கரைஞ்சா, ஒரு மோல் காத்து வெளியே வரும். சோடா பாட்டிலை உடைச்சா புஸ்ஸுன்னு வருதே, அதே காத்து. மூச்சுக்கு ஆகாது. நம்ம காத்தைவிடக் கனம். பள்ளத்துல தண்ணி மாதிரி தேங்கும். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. நம்ம ஊரு வெயிலுக்கு ஒரு மோல் காத்து இருபத்தைஞ்சு லிட்டர் இடம் பிடிக்கும். போடுங்க.”

எழுநூற்று ஐம்பத்தைந்தை இருபத்தைந்தால் பெருக்கினார். பதினெட்டாயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்து லிட்டர்.

“தொட்டியில தண்ணிக்கு மேல எவ்வளவு இடம்?”

மூன்று மீட்டர் நீளம். மூன்று மீட்டர் அகலம். தண்ணீருக்கு மேல் இரண்டு மீட்டர் சுவர். பதினெட்டாயிரம் லிட்டர்.

இரண்டு எண்ணும் கரும்பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன.

சாலையில் உப்பு லாரி ஒன்று போயிற்று. தகரம் அதிர்ந்து அடங்கியது.

“நிறைஞ்சு வழிஞ்சிருக்கு,” என்றார் ஆவுடையப்பன்.

“ஆமா.”

“நான் எட்டிப் பாத்தேன், டீச்சர். காலியா இருந்துச்சு.”



ஆவுடையப்பன் தானாகவே பக்கத்தில் இன்னொரு கணக்குப் போட்டார். யாரும் போடச் சொல்லவில்லை. நூற்றாறு கிலோ. ஆயிரம் மோல். இருபத்தைந்தாயிரம் லிட்டர்.

“நூற்றாறு போட்டிருந்தா இன்னும் அதிகமாத்தான் வந்திருக்கும்.”

“ஆமா.”

“அப்ப மானேஜர் சொன்னதா சொல்லுற அளவைப் போட்டிருந்தாலும் செத்திருப்பான்.”

“ஆமா.”

“போடாட்டியும் செத்தான்.”

“ஆமா.”

“அந்த இருபத்தாறு கிலோ ஒண்ணுமே இல்லை.”

“அவர் சாவுல அதுக்குப் பங்கு இல்லை.”

ஆவுடையப்பன் சாக்பீஸை மேசைமேல் வைத்தார். ஆறுதல் வரும் என்று அவர் நினைத்திருந்தார். வந்தது வேறு.

“நல்லா இருக்கு டீச்சர். இத்தனை வருஷமா துப்புறதுக்குன்னு எனக்கு இருந்தது அந்த மானேஜர் ஒருத்தன்தான். அவனையும் எடுத்துட்டீங்க.”

*

வெள்ளிக்கிழமை வந்தது. கால் பழக்கத்தில் ராஜநாயகம் வீட்டுக்கு முன்னால் போய் நின்றார். வராந்தாவில் ராஜநாயகம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஆவுடையப்பன் துப்புவதற்காகக் காத்திருக்கிறவர் மாதிரி இருந்தது.

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். வாய் காய்ந்து கிடந்தது. எச்சில் ஊறவில்லை.

நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். ஒரு மனிதனுக்கு வெறுப்பும் இல்லாமல் போனால் சாயங்காலப் பொழுதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கடற்கரை வரை நடந்தார். அங்கேயும் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து படுத்தார்.

*

“உலகம்மைகிட்டச் சொல்லிடறேன்,” என்றார் திங்கட்கிழமை. “காத்துதான் கொன்னுச்சு. போடச் சொன்னவருக்கும் அது தெரியாது, போட்ட எனக்கும் தெரியாது. யாரு மேலயும் தப்பு இல்லை. கணக்கு இருக்கு. போதும்ல?”

டீச்சர் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்.

“இருபது வருஷம் காஸ்டிக் போட்டீங்களே, அப்பல்லாம் ஏன் யாரும் சாகலை?”

“காஸ்டிக்ல நுரை ஏது? காத்து வராது. சூடுதான் கிளம்பும்.”

“அவ்வளவு சூட்டுல எப்படி இறங்குவாரு?”

“எப்படி இறங்குவான், வெந்துபோவான்ல? ஆறுற வரைக்கும் இருப்போம். காலையில போட்டா சாயங்காலம் ஆகும்.”

“ஆறினது எப்படித் தெரியும்?”

“தொட்டிச் சுவர்ல வெளிய கை வச்சுப் பாக்குறதுதான்.”

“யாரு கை?”

“நான்தான் வைப்பேன். நான் சொன்னாத்தான் அவன் ஏணியில காலை வைப்பான்.”

“அன்னைக்கு?”

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார்.

டீச்சர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். காத்திருந்தார்.

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு மூடிக்கொண்டது.

“எனக்கு வேண்டாம் அந்த விடை,” என்றார் டீச்சர். “கேட்டவங்ககிட்டக் கொண்டு போங்க.”

“கேட்டவ என்னை வீட்டுக்குள்ள விடணுமே.”

“வாசல்ல நின்னு கேக்க உங்களுக்குத் தெரியும். நின்னு சொல்லவும் முடியும்.”

*

உலகம்மை வாசலில் பாய் விரித்து, கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலப் பைகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பைக்கு ஒரு தேங்காய், வெற்றிலை, பாக்கு. அவரைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“உக்காருங்க அத்தான்.”

பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் சொல்.

அவர் உட்காரவில்லை. நோட்டைத் திறந்தார். ஆரம்பத்திலிருந்து சொன்னார். போல்ட், நட்டு, மோல். தொண்ணூற்றெட்டு, எண்பது, நூற்றாறு. எழுநூற்று ஐம்பத்தைந்து. பதினெட்டாயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்து லிட்டர். விரல் வைத்து வரிவரியாகக் காட்டினார்.

உலகம்மை பைகளைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“நான் கிலோ கேக்கலையே அத்தான்.”

ஆவுடையப்பன் நோட்டை மூடினார்.

“அந்த மூணு ஆபீசரும் எங்கிட்டக் கிலோதான் சொன்னாங்க. நீங்களும் அப்பவே கிலோதான் சொன்னீங்க. நான் உங்ககூடப் பேசாம இருந்தது கிலோவுக்கு இல்லை.”

அவர் நின்றுகொண்டிருந்தவர் மெல்ல உட்கார்ந்தார். பாயில் இல்லை. வெறும் தரையில்.

“காஸ்டிக் போட்டா சுவர் சுடும் தாயி,” என்றார். “ஆற சாயங்காலம் ஆகும். அன்னைக்கு அந்த மாவைப் போட்டேன். நுரை அடங்கிச்சு. கை வச்சுப் பாத்தேன். குளுகுளுன்னு இருந்துச்சு. மணி பத்தரைகூட ஆகலை.”

உலகம்மையின் கை நின்றது.

“ஆறிடுச்சுன்னு சொன்னேன். அது ஆறலை தாயி. சூடே ஆகலை. காலையிலயும் அப்படித்தான் குளுந்து கிடந்துச்சு. சூடே ஆகாததை நான் ஆறிடுச்சுன்னு சொன்னேன்.”

“அவுக என்ன சொன்னாக?”

“‘அதுக்குள்ளயா அண்ணே’ன்னு கேட்டான்.”

“நீங்க?”

ஆவுடையப்பன் தன் வலது கையைப் பார்த்தார். காய்ப்புக் காய்த்த கை.

“‘இருபது வருஷக் கை பொய் சொல்லுமாலே, இறங்குலே’ன்னேன்.”

தெருவில் யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

உலகம்மை கையில் இருந்த தேங்காயைப் பைக்குள் வைத்தாள். வெற்றிலையை வைத்தாள். பாக்கை வைத்தாள். பையின் வாயை மடித்து ஓரமாக வைத்தாள். அடுத்த பையை எடுக்கவில்லை.

அழுவாள் என்று அவர் நினைத்தார். அடிப்பாள் என்றுகூட நினைத்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

அவள் வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“மக உள்ளதான் இருக்கா,” என்றாள். “போய் அவகிட்டயும் சொல்லுங்க.”